கரும்பை ஆராய்ந்த அம்மையார்

அதியமானின் முன்னோர் இந்நாட்டிற்குக் கரும்பைக் கொணர்ந்தனர் எனப் புறநானூறு கூறும். அக்கரும்பின் உள்ளியல்பை நுண்ணோக்காடியின் வாயிலாகக் கண்டு, அதனோடு வேற்றினத்துப் புற்களையும் கலக்கத் துணிந்த பெண்மணி ஒருவரின் சரித்திரத்தைத் தமிழ் பயிலும் நாமும் அறிதல் தகும்.

ஜானகி அம்மாள் 1897 ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 4 ஆம் நாள் மலையாளக் கரையிலுள்ள தலைச்சேரியிற் பிறந்தார். தந்தையார் சென்னை இராஜதானியில் நியாயாதிபதியாய் விளங்கியவர். அக்காலத்துப் பெண்கள் மணவறை புகும் பருவத்தில் இவர் கல்வியை நாடிச் சென்னைக்கு வந்து, இராணி மேரி கல்லூரியிலும் மாநிலக் கல்லூரியிலும் பயின்று, 1921 இல் தாவர சாஸ்திரத்தில் ஆனர்ஸ் பட்டம் பெற்றார். பின்னர்ச் சென்னைப் பெண்கள் கிறிஸ்தவக் கல்லூரியில் ஆசிரியராய் அமர்ந்தார். மிஷன் கல்லூரி ஒன்றில் இவர் போதித்தது நமக்கு உவகை தருவதே. அங்கிருந்து பார்பர் உதவிச்சம்பளம் பெற்று அமெரிக்கா சென்று, மிச்சிகன் சர்வகலாசாலையில் 1931 இல் விஞ்ஞானப் பண்டிதர் பட்டம் பெற்றார். நம் அடுக்களைக்கு உரிய கத்தரியும் அங்கே அவர்தம் ஆராய்ச்சிக்குப் பொருளாயிற்று.

1934 இல் அம்மையார் கோயம்புத்தூர்க் கரும்பு ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்தார். அந்நிலையம் 1912 இல் தோன்றியது. வட இந்தியாவின் கரும்பு மெலிந்தது. ஆயினும் குளிரையும் வறட்சியையும் தாங்குவது. தீவுகளினின்று வந்த பருங்கரும்போ இனிமை மிக்கது. ஆயினும் வடநாட்டில் நன்கு வளராதது. பார்பரும் வேங்கடராமனும் பருங்கரும்பை, ஆற்றங்கரையில் தானே முளைக்கும் நாணல் இனத்துக் காட்டுக்கரும்போடு கலந்து புதுக்கரும்பு கண்டனர். ஒருவரும் பொருட்படுத்தாத அந்நாணலே இந்தியாவின் சர்க்கரைத் தொழிலுக்கு உயிர் தந்தது என்னலாம்.

இக்கலப்பினுள் நிகழ்வது யாது என்பதே அம்மையார் எடுத்துக்கொண்ட வினா. மரபியல்புகளைத் தாங்கும் நுண்ணிழைகளான குரோமோசோம்களை அவர் எண்ணினார். பருங்கரும்பிற்கு அவை 80. காட்டுக்கரும்பில் இடத்திற்கிடம் வேறுபட்டு 40 முதல் 128 வரை காணப்படும். அவ்வளவில் அமையாது, கரும்பை மக்காச்சோளத்தோடும் கலந்து, அச்செய்தியை 1938 இல் வெளியிட்டார். மக்காச்சோளத்தின் குரோமோசோம்கள் 20 மட்டுமே. அக்கலப்புச் செடி எந்த உழவனுக்கும் பயிராகவில்லை. ஆயினும் இனங்களுக்கிடையே உள்ள வேலி நாம் நினைத்த அளவு உயரமானதன்று என்பதை அது காட்டிற்று. ஆடவர் நிறைந்த அந்நிலையத்தில், பெண்ணாகவும் தாழ்த்தி எண்ணப்பட்ட குலத்தினராகவும் இருந்தமையால் அவர் இடர் பல உற்றார் என்பர்.

1939 இல் எடின்பரோவில் நடந்த மரபியல் மாநாட்டிற்குச் சென்றவர், போர் மூண்டமையால் சீமையிலேயே தங்கினார். குண்டுகள் வீழ்ந்த நாளிலும் ஆய்வு நிற்கவில்லை. டார்லிங்டனுடன் சேர்ந்து, பயிரிடப்படும் தாவரங்களின் குரோமோசோம் தொகுதி நூலை 1945 இல் வெளியிட்டார். பிறகு விஸ்லித் தோட்டத்தில், கொல்சிசின் என்னும் மருந்தால் செடிகளின் குரோமோசோம்களை இரட்டிக்கச் செய்தார். அம்மருந்து நம் செங்காந்தட் கிழங்கிலும் உண்டு.

இன்று விஞ்ஞானிகள் மகரந்தத்தின் துணையும் வேண்டாது, மண்ணிலுள்ள நுண்கிருமியின் மரபணு ஒன்றை எடுத்துக் கத்தரியிற் புகுத்துகின்றனர். காய்ப்புழு மடியும், தெளிக்கும் நஞ்சு குறையும். இது பெருநன்மையே. ஆயினும் அம்மகரந்தம் அயலிலுள்ள நாட்டுக் கத்தரிகளிற் கலந்தால் மீட்பது எங்ஙனம், விதைக்கு உடையவர் உழவரா கம்பெனியாரா என்னும் வினாக்கள் எழ, இந்திய அரசாங்கம் 2010 இல் அதனைப் பயிரிடாது நிறுத்தி வைத்தது. வயலில் இருவகை விதைகளைக் கலந்து விதைத்தலை லேவியராகமம் விலக்குவதைக் காட்டிச் சிலர் எல்லாக் கலப்பையும் பழிப்பர். அங்ஙனமாயின் நாம் உண்ணும் சர்க்கரையையும் விலக்க வேண்டும்! கலப்பதற்கு முன்னிருந்த மூலச்செடியை யார் காப்பது என்பதே என் மனத்தை உறுத்தும் வினா. அம்மையாரின் பிற்கால வாழ்க்கை இவ்வினாவையே சுற்றிச் சென்றது.

நேருவின் அழைப்பை ஏற்று 1951 இல் தாயகம் திரும்பி, இந்தியத் தாவர ஆய்வுத்துறையைச் சீர்படுத்தும் பணியை மேற்கொண்டார். மலைவாழ் மக்கள் அறிந்த செடிகளையும் அவற்றின் பயன்களையும் தேடி அலைந்தார். கேரளத்தின் அமைதிப் பள்ளத்தாக்கில் மின்சாரத்திற்காக அணை கட்ட முற்பட்டபோது, எண்பது வயது கடந்த அவர் அதனை எதிர்த்ததோடு, அக்காட்டின் செடிகளது குரோமோசோம்களைக் கணக்கெடுக்கவும் தொடங்கினார். அரசாங்கத்தின் வேலையில் நெடுநாள் இருந்தவர் அரசாங்கத்தின் திட்டத்தை எதிர்ப்பது எளிதன்று.

மணவாழ்க்கையை மேற்கொள்ளாது, எளிய உடையும் சிற்றுணவுமாய்ச் சென்னையை அடுத்த மதுரவாயலில் இறுதிவரை ஆராய்ச்சி செய்துவந்த அம்மையார், 1984 பிப்ரவரி 7 ஆம் நாள் காலமானார். அவ்வாண்டு நவம்பரில் அப்பள்ளத்தாக்கு தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. விஸ்லியில் அவர் வளர்த்த மக்னோலியா வகை ஒன்று இன்றும் அவர் பெயரைத் தாங்கி வெண்மலர் பூக்கின்றது.