முதுகெலும்பின் நோயைக் கண்டு சொன்ன பெர்சிவல் பாட்

முதுகு கூனிப்போன பிள்ளையைப் பார்த்தால் நம்மவர்கள் என்ன சொல்வார்கள்? சின்ன வயசில் எங்கேயோ விழுந்திருக்கும் என்பார்கள், இல்லையென்றால் தலையெழுத்து என்பார்கள். ஏறக்குறைய 250 ஆண்டுகளுக்கு முன் லண்டன் மாநகரத்திலும் இதே பேச்சுத்தான். அந்தப் பேச்சை நம்பாமல், எலும்புக்குள்ளே என்ன நடக்கிறது என்று பார்த்தவர் பெர்சிவல் பாட். முதுகெலும்பில் வரும் காசநோயை இன்றைக்கும் டாக்டர்கள் அவர் பெயரால்தான் 'பாட்ஸ் நோய்' என்று அழைக்கிறார்கள்.

1714-ஆம் ஆண்டு ஜனவரி 6-ஆம் நாள் லண்டனில் பிறந்தார். சிறு பிள்ளையாக இருக்கும்போதே தகப்பனார் காலமாகிவிட்டார். உறவினரான ஒரு பிஷப் கைகொடுத்தார். பாதிரியாராகப் போக வழி இருந்தும் பையனுக்கு மனம் வைத்தியத்தில்தான். 1729-இல் எட்வர்ட் நூர்ஸ் என்ற சர்ஜனிடம் 200 கினி கட்டிச் சீடனாகச் சேர்ந்தார். இறந்தவர்களின் உடலை அறுத்து, ஆசிரியர் பாடம் நடத்துவதற்குத் தயார் செய்து வைப்பது இவர் வேலை. எல்லாருக்கும் பிடிக்கும் வேலையா அது? ஆனால் பிற்காலத்தில் அவருக்குக் கைகொடுத்தது அந்தப் படிப்புத்தான். 1749-இல் செயின்ட் பார்தலோமியு மருத்துவமனையில் முழு சர்ஜனானார்.

1756 ஜனவரியில், நல்ல குளிரில், குதிரையிலிருந்து விழுந்து அவருடைய கால் எலும்பு முறிந்து தோலைக் கிழித்து வெளியே வந்துவிட்டது. சுற்றி நின்றவர்கள் தூக்கப் போனார்கள். அவர் தொடவே விடவில்லை. கண்டபடி தூக்கினால் முறிந்த எலும்பு சதையை இன்னும் கிழிக்கும் என்பது அவருக்குத் தெரியும். பல்லக்குத் தூக்கிகள் இருவரை வரச்சொல்லி ஆள் அனுப்பினார். அவர்கள் வருவதற்குள், தரையில் கிடந்தபடியே ஒரு கதவை விலை பேசி வாங்கினார்! பல்லக்குக் கழிகளை அந்தக் கதவில் ஆணியடித்துப் பொருத்தி, அதன்மேல் அவரைக் கிடத்தி, லண்டன் பாலத்தைக் கடந்து வீடு கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். காலை எடுத்துவிட வேண்டும் என்று டாக்டர்கள் முடிவு செய்து ஆயுதங்களும் தயாராகிவிட்டன. அந்த நேரத்தில்தான் பழைய குரு நூர்ஸ் வந்து, காலைக் காப்பாற்றிப் பார்க்கலாம் என்றார். கால் பிழைத்தது. படுத்திருந்த நாட்களில் குடலிறக்கம் பற்றி ஒரு புத்தகமே எழுதத் தொடங்கினார் மனிதர்.

முதுகெலும்பு பற்றிய அவருடைய நூல் 1779-இல் வந்தது. ஓடியாடிக்கொண்டிருந்த குழந்தை திடீரென்று நடக்கத் தயங்கும், தடுக்கி விழும், கால்கள் ஒன்றின்மேல் ஒன்று பின்னும். முதுகில் சின்னதாக ஒரு மேடு தெரியும். மற்றப் பக்கவாதத்தில் கால் துவண்டு கிடக்கும், இதிலோ விறைத்து நிற்கும். இந்த வித்தியாசத்தை பாட் கவனித்தார். இறந்துபோன நோயாளிகளின் முதுகைத் திறந்து பார்த்தார். எலும்பு இடம் விலகவில்லை, அரித்துப் போயிருந்தது. அரித்த எலும்பு முன்பக்கமாக இடிந்து உட்காருவதால்தான் கூன் விழுகிறது. ஆகவே இரும்புச் சட்டை மாட்டி முதுகை நிமிர்த்தும் அந்தக் கால வழக்கத்தால் பயனில்லை என்று எழுதினார்.

அவர் சொன்ன வைத்தியம் மட்டும் இன்றைக்கு யாரும் ஏற்காதது. மேட்டின் இரு பக்கமும் கார மருந்தால் புண்ணாக்கி, ஆறவிடாமல் சீழை வடியவிடுவார். பாவம், அந்தப் பிள்ளைகள். நோய்க்குக் காரணமான கிருமியை ராபர்ட் கோக் கண்டுபிடித்தது 1882-இல்தான். அதைக் கொல்லும் மருந்து கிடைத்ததோ 1940-களில். இன்றைக்குப் பல மாதம் விடாமல் மாத்திரை சாப்பிட்டாலே பெரும்பாலோருக்குக் குணமாகிவிடும்.

பெற்றோர்களே, செம்பனைக் குலை தூக்கி இடுப்புப் பிடிப்பதெல்லாம் இந்த நோய் என்று பயந்துவிடாதீர்கள். எலும்புகளுக்கு நடுவிலுள்ள டிஸ்க் பிதுங்கி நரம்பை அழுத்துவது வேறு சங்கதி. அதை 1934-இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்து மிக்ஸ்டர், பார் என்னும் இரு டாக்டர்கள் விளக்கி எழுதினார்கள். அது பெரும்பாலும் கத்தி வைக்காமலே குறையும். ஆனால் வாரக்கணக்கில் முதுகு வலியோடு காய்ச்சலும், ராத்திரி வியர்வையும், உடம்பு இளைப்பும் சேர்ந்தால் தைலம் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கக் கூடாது. கால் மரத்தாலோ பலம் குறைந்தாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும்.

உழைக்கிறவன் உடம்பையும் பாட் மறக்கவில்லை. புகைக்கூண்டுக்குள் ஏறிக் கரி சுரண்டிய ஏழைச் சிறுவர்களுக்குப் பெரியவர்களான பின் வந்த புற்றுநோய்க்கு அந்தக் கரிதான் காரணம் என்று 1775-இலேயே எழுதினார். செய்கிற தொழிலால் புற்றுநோய் வரும் என்று முதன்முதலில் காட்டியவர் அவரே. 1788-இல் வந்த சட்டம், எட்டு வயதுக்குக் குறைந்த பிள்ளைகளை அந்த வேலைக்கு வைக்கக் கூடாது என்றது. யார் மதித்தார்கள்? பிள்ளைகளை ஏற்றும் வழக்கம் ஒழிய 1875 வரை ஆயிற்று.

1787-இல் மருத்துவமனை வேலையிலிருந்து ஓய்வு பெற்றார். நோயாளிகளைப் பார்ப்பதை மட்டும் விடவில்லை. மறு ஆண்டு டிசம்பர் மாதக் கடுங்குளிரில் வெளியூர் நோயாளி ஒருவரைப் பார்க்கப் போனவருக்குக் குளிர் பிடித்துக்கொண்டது. டிசம்பர் 22-ஆம் நாள், தமது 74-ஆம் வயதில் காலமானார்.