நடிகர் சந்திரபாபு

தொல்காப்பியனார் மெய்ப்பாடு எட்டனையும் கூறப்புகுந்தவிடத்து நகையை முதற்கண் வைத்தார். அழுகையை அதன் அருகே நிறுத்தினார். மறுதலைப் பொருள்களாகலின் அங்ஙனம் வைத்தார் என்று கொள்ளுதல் எளிது. நகைச்சுவை நடிகர் ஜே. பி. சந்திரபாபுவின் வரலாற்றைக் கற்பார்க்கோ, அவை ஒரே சுவரால் பிரிந்த இரண்டு வீடுகள் என்றே தோன்றும். சாந்தோமின் தென்பால், அடையாற்றுக் கழிமுகத்தை ஒட்டிய கிபிள் தீவுக் கல்லறைத் தோட்டத்தில் துயில்கின்ற இப்பெரியாரை எம் ஆண்டு மலரில் நினைவுகூர்தல் பொருத்தமாம் எனக் கருதி, அவர்தம் வாழ்க்கையை ஈண்டுச் சுருக்கி உரைக்கத் துணிந்தோம்.

தூத்துக்குடியில் 1927-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் பிறந்த இவர்க்குப் பெற்றோர் இட்ட பெயர் ஜோசப் பனிமயதாசன் என்பது. அந்நகரிலுள்ள பனிமய மாதா ஆலயத்தின் பெருவிழா ஆகஸ்டு 5-ஆம் நாள் நிகழ்வதை அறிந்தார்க்கு இப்பெயரின் காரணம் கூறவேண்டுவதின்று. தந்தையார் ரோட்ரிக்ஸ் விடுதலைப் போரில் ஈடுபட்டவர். சுதந்திர வீரன் என்னும் பத்திரிகையை நடத்தியவர். அதனால் ஆங்கில அரசினரின் சினத்துக்கு ஆளாகிக் குடும்பத்தோடு இலங்கைக்குப் பெயர நேர்ந்தது. கொழும்பில் பயின்ற நம் இளைஞர், மேனாட்டு இசையையும் ஆட்டத்தையும் இளமையிலேயே தம்வயமாக்கிக் கொண்டார். 1940-களில் அக்குடும்பம் சென்னைக்கு வந்து திருவல்லிக்கேணியில் தங்கியது.

நடிப்பதன்றி வேறு தொழிலை அவர் உள்ளம் நாடவில்லை. 1947-இல் தன அமராவதி என்னும் படத்தில் ஒரு சிறு வேடம் கிடைத்தது. அதன்பின் கிடைத்தவை அரியனவும் சிறியனவுமே. இன்று அண்ணா மேம்பாலம் நிற்குமிடத்தின் அருகே அந்நாளில் ஜெமினி படநிலையம் இருந்தது. அதன் உரிமையாளர் எஸ். எஸ். வாசனிடம் தம் திறமையைக் காட்டப் பன்முறை முயன்றும் இயலாது போகவே, மனமுடைந்த சந்திரபாபு 1952-இல் அந்நிலையத்தினுள்ளேயே நஞ்சுண்டார். இறைவன் அருளால் உயிர் பிழைத்தார். ஆயினும், தற்கொலைக்கு முயலுதல் அக்காலச் சட்டப்படி தண்டனைக்குரிய குற்றமாதலின், நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டார்.

அங்கு நிகழ்ந்ததாகக் கூறப்படும் ஒரு செய்தி எம்மை நெடிது சிந்திக்கச் செய்தது. ஏன் இச்செயலைச் செய்தாய் என நீதிபதி வினவ, அவர் ஒரு தீக்குச்சியைக் கொளுத்தித் தம் கையைச் சுட்டுக்கொண்டாராம். தாம் சுட்டுக்கொண்டதை நீதிபதி கண்ணாற் காணலாமேயன்றி, அச்சூட்டின் நோவைப் பிறர் உணரவொண்ணாது என்னும் கருத்துப்பட விடையிறுத்தாராம். எம்மனோர் வகுப்பறையில் மெய்ப்பாட்டியலைக் கற்குங்கால், நடிப்போன் உள்ளத்து எழுந்த உணர்ச்சி அவன் மெய்யின்கண் புலப்பட்டுக் காண்போர் உள்ளத்தும் சென்றெய்தும் என்று படிக்கின்றோம். இருபத்தைந்து வயது எய்தியும் எய்தாத அவ்விளைஞரோ, புண் மட்டுமே காண்போரைச் சென்றெய்தும், நோவு தன்னிடத்திலேயே நின்றுவிடும் என்றார். அவர் பின்னர் வாழ்ந்த இருபத்திரண்டு ஆண்டும் இவ்விரு கூற்றுக்கும் இடையே நடந்த வழக்கேயாம் என்பது எம் கருத்து.

நிற்க. அவ்வாண்டிலேயே ஜெமினியின் மூன்று பிள்ளைகள் என்னும் படத்தில் அவர்க்கு வேடம் கிடைத்தது. பின்னர் ஏற்றம் விரைவாயிற்று. 1954-இல் பெண் என்னும் படத்தில், பிற்காலத்தே வீணையாற் புகழெய்திய எஸ். பாலசந்தர்க்குப் பின்னணி பாடினார். குலேபகாவலி, மகாதேவி, நாடோடி மன்னன் முதலிய படங்கள் அவர் பெயரை நாடெங்கும் பரப்பின. யோடலிங் என்னும் மேனாட்டு மலைவாணர் குரல்முறையைத் தமிழ்ப் பாட்டிற் புகுத்தி வெற்றி கண்டவர் அவரே. நகை தோன்றுதற்குத் தொல்காப்பியர் வகுத்த நிலைக்களன் நான்கு. இளமை, பேதைமை, மடன், எள்ளல் என்பன. அந்நான்கனையும் 1958-இல் வெளிவந்த சபாஷ் மீனா ஒன்றிலேயே எடுத்துக்காட்டலாம். சிவாஜி கணேசனோடு நடித்த அப்படத்தில் இரட்டை வேடம் பூண்டு, ரிக்சா இழுப்போனாகத் தோன்றும் பகுதியில் சென்னைத் தெருவின் பேச்சை அப்படியே பேசினார். செந்தமிழ் பயிலும் எமக்கும் அப்பேச்சு இனித்ததேயன்றிக் கைக்கவில்லை.

அவ்வாண்டிலேயே அவர்க்குத் திருமணமும் நிகழ்ந்தது. அது நிலைக்கவில்லை. மனைவியின் உள்ளம் முன்பே வேறொருவர்பால் சென்றிருந்ததை அறிந்து, வெகுளாது அவரை விடுத்தார் என்பர். 1981-இல் பாக்கியராஜ் எடுத்த அந்த 7 நாட்கள் என்னும் படத்துக்கு இதுவே கருவாயிற்று என்றும் கூறுவர். இதனை மேலும் விரித்தல் எமக்குத் தகாது.

1960-இல் கவியரசர் கண்ணதாசன் தயாரித்த கவலை இல்லாத மனிதன் என்னும் படத்தில் சந்திரபாபுவே தலைவனாக நடித்தார். சிரிப்பூட்டி விலகிச்செல்லும் துணைவேடமன்று அது; படத்தின் சுமை முழுவதும் அவர் தோள்மேல் ஏறிற்று. மனிதனை அழுகை விடாது தொடர்தலைப் பொருளாகக் கொண்ட ஒரு பாடலை அப்படத்திற் பாடினார். விசுவநாதன், இராமமூர்த்தி இருவரும் அமைத்த மெட்டு அது. நகைச்சுவை நடிகர் பாடுகின்றார் என்பதை மறந்து கேட்டார்க்கும் கண் கலங்கும். அவ்வகையில், தீக்குச்சியின் நோவு ஒருமுறையேனும் பிறரைச் சென்றெய்திற்று எனலாம். இராதாகிருஷ்ணன் குடியரசுத் தலைவராய் இருந்த காலத்தில், தில்லி மாளிகையில் கலைஞர்கள் கூடிய போழ்து இப்பாடலைப் பாடிய சந்திரபாபு, அவர் பாராட்டிய உவகை மிகுதியால் ஓடிச்சென்று அவர் மடியிலேயே அமர்ந்துவிட்டார் என்றொரு செய்தி உண்டு. பேரறிஞரும் சினவாது தட்டிக்கொடுத்தாராம். பாடல் வென்றது; படமோ தோற்றது. கவியரசர்க்குப் பொருளிழப்பு நேர்ந்தது. படப்பிடிப்புக்குக் குறித்த வேளையில் சந்திரபாபு வாரார் என்னும் குறையும் அவர்க்கு இருந்தது. செருக்கே அவரைக் கெடுத்தது என்பாரும் உளர். அக்கூற்றை முற்றும் பொய்யெனத் தள்ளுதற்கில்லை. முழுதும் மெய்யெனக் கொள்ளவும் எம் மனம் ஒருப்படவில்லை.

தாமே படம் இயக்க விழைந்து, எம். ஜி. ஆரைத் தலைவராகக் கொண்டு மாடி வீட்டு ஏழை என்னும் படத்தைத் தொடங்கினார். அது முற்றுப்பெறாமலே நின்றது. கடன் பெருகிற்று. கேசவப்பெருமாள்புரத்தில், மாடிவரை மோட்டார் வண்டி ஏறிச்செல்லும்படி பேராசையோடு அவர் எழுப்பிய வீடு கைவிட்டுப் போயிற்று. முன்னை நிலை கெட்டு வருந்துதலை அசைவு என்று உரைகாரர் கூறுவர். அழுகையின் நிலைக்களன் நான்கனுள் அது ஒன்று. ஏனைய மூன்றாகிய இழவும் இளிவும் வறுமையும் அவர்க்கு அயலானவை அல்ல.

ஆயினும் அவர் ஓய்ந்தாரல்லர். 1966-இல் சாவித்திரியைத் தலைவியாகக் கொண்டு ஒரு படத்தை இயக்கி முடித்தார். அதற்கு அவர் இட்ட பெயர் தட்டுங்கள் திறக்கப்படும் என்பது. மத்தேயு நற்செய்தியின் ஏழாம் அதிகாரத்தை ஞாயிறுதோறும் கேட்டு வளர்ந்த எமக்கு, ஜெமினியின் வாயிலில் நின்ற இளைஞரே இப்பெயரை இட்டார் என்னும் நினைவு எழாமற் போகவில்லை. படம் பொருளீட்டவில்லை. மதுப்பழக்கம் உடலை அரித்தது. 1969-இல் அடிமைப் பெண் முதலிய சில படங்களில் தோன்றினார். பழைய இடம் மீளவில்லை.

1974-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 8-ஆம் நாள், தம் நாற்பத்தாறாம் வயதில் உயிர் நீத்தார். தம் உடலைச் சிறிது நேரமேனும் இசையமைப்பாளர் எம். எஸ். விசுவநாதனின் இல்லத்தில் வைத்தல் வேண்டும் என்று அவர் விரும்பியிருந்தார் என்றும், அவ்விருப்பம் நிறைவேற்றப்பட்டது என்றும் கூறுவர். அதன்பின் கிபிள் தீவுக்குக் கொண்டுசென்று கிறித்தவ முறைப்படி அடக்கம் செய்தனர். நவம்பர் 2-ஆம் நாளாகிய கல்லறைத் திருநாளில், சாந்தோம் மக்கள் தம் முன்னோர்க்கு மெழுகுதிரி ஏற்றச் செல்லும் அதே தோட்டத்தில் அவர் கல்லறையும் உள்ளது.