இருகப்ப தண்டநாயகர்

சமயம் மன்பதைக்கு நலஞ் செய்வதோ, கேடு விளைப்பதோ என ஐயுறுவார்க்கு இருகப்ப தண்டநாயகர் வரலாறு ஒரு விளக்காகும்.

விசயநகர நாட்டில் சமணர்க்கும் வைணவர்க்கும் பூசல் மூண்டகாலை, முதலாம் புக்கர் 1368-இல் இருதிறத்தாரையும் இணக்குவித்துச் சமணர்க்குக் காவல் அளித்தனர். அவ்வரசில் தந்தையைப் போன்றே தண்டநாயகராய் விளங்கியவர் இருகப்பர். அவர் சமணர், அவர் பணிசெய்த இரண்டாம் அரிகரரோ, ஆணைகளில் விரூபாட்சர் திருநாமத்தையே கைச்சாத்தாக இட்ட மரபினர். 1382-இல் அரிகரர் மைந்தர் புக்கராயர்க்குப் புண்ணியமாக, திருப்பருத்திக்குன்றத்து வர்த்தமானர் கோயிலுக்கு மகேந்திரமங்கலம் என்னும் ஊரை இருகப்பர் ஈந்தனர். 1387-இல் தம் ஆசிரியர் புட்பசேனர் சொற்படி அங்கே சங்கீத மண்டபமும் எடுப்பித்தனர். விசயநகரத் தலைநகரிலும் குந்துநாதர்க்குக் கற்றளி அமைத்தனர்.

மடத்திற் பயின்ற நாளில் சமணரை மறுக்கும் வாதங்களையே யான் மனனஞ் செய்தேன். முதுமையில் அம்மண்டபத்தில் நின்றேன். சைவ மன்னர் மகனுக்காகச் சமணர் ஒருவர் செய்த அறத்தை எண்ணினேன். என் செருக்குக் கரைந்தது. வெல்ல முனையும் சமயம் ஊரைப் பிளக்கும். ஈய முனையும் சமயம் ஊரைக் காக்கும்.

குடமுழுக்கிற்குப் பொருளீந்த அன்பர்காள்! நும் கொடை அயற்சமயத்தார் நலத்தையும் வேண்டுவதாகுக. திருவருள் முன்னிற்க.