ஐஸ்கிரீம் உருகியதால் பிறந்ததா படகு மோட்டார்? ஓலே எவின்ரூட் கதையும், நடுக்கடலில் எஞ்சின் 'இழுக்காமல்' போவதன் காரணமும்

கடலூர் தேவனாம்பட்டினம். சில்வர் பீச்சுக்கு வாக்கிங் வருபவர்கள் எழுந்திருக்கும் முன்பே ஃபைபர் படகுகள் அலையைத் தாண்டிப் போய்விடும். போகும்போது எல்லாம் சரியாகத்தான் இருக்கும். கரை கண்ணுக்குத் தெரியாத தூரத்தில் திடீரென எஞ்சின் சத்தம் மாறும். த்ராட்டிலை முழுசாகத் திருப்பினாலும் படகு இழுக்காது. எஞ்சின் நிற்கவும் நிற்காது, ஓடவும் ஓடாது.

படகின் பின்பக்கம் மாட்டி ஓட்டும் இந்த அவுட்போர்ட் மோட்டாரை அரசு அறிவிப்புகளில் 'வெளிப்பொருத்தும் இயந்திரம்' என்பார்கள். இதை ஊர் ஊராகக் கொண்டு சேர்த்த மனிதர் ஓலே எவின்ரூட். அவர் யார், அவருடைய கதைக்கும் இன்றைய எஞ்சின் மக்கருக்கும் என்ன தொடர்பு? பார்க்கலாம்.

யார் இந்த ஓலே எவின்ரூட்?

1877 ஏப்ரல் 19-ல் நார்வேயில் பிறந்தவர். 5 வயதில் குடும்பத்தோடு அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்துக்குப் போனார். ஏரிக்கரையில் விவசாயம் செய்த குடும்பம். பையனுக்குப் படகு மீது பைத்தியம். ஆனால் அப்பாவுக்கு அது பிடிக்கவில்லை. மகன் ரகசியமாகச் செய்த படகை அவர் உடைத்துப் போட்டார் என்று சொல்வார்கள். பையன் விடவில்லை, மறுபடியும் செய்தான்.

16 வயதில் வீட்டைவிட்டு மேடிசன் நகரத்துக்குப் போய் பட்டறையில் சேர்ந்தார். பிறகு பிட்ஸ்பர்க், சிகாகோ என்று ஊர் மாறினார். பகலில் இரும்பு வேலை, இரவில் இன்ஜினியரிங் புத்தகங்கள். பெரிய படிப்பு கிடையாது. ஆனால் எஞ்சின் எங்கே தடுமாறுகிறது என்பதைக் கையால் தொட்டே கற்றுக்கொண்டவர்.

மில்வாக்கி நகரத்தில் சொந்தமாகத் தொழில் தொடங்கினார். கூட்டாளிகளோடு சேர்ந்து நடத்திய கம்பெனிகள் ஒன்றன் பின் ஒன்றாக நொடித்தன. மெஷினில் கெட்டி, கணக்கில் வீக். அந்தக் கணக்கைப் பார்த்துக்கொடுக்க வந்தவர்தான் பக்கத்து வீட்டு பெஸ் கேரி. 1906-ல் இருவரும் திருமணம் செய்துகொண்டார்கள்.

ஐஸ்கிரீம் கதை உண்மையா?

எவின்ரூட் பற்றிப் பேசினால் இந்தக் கதை வராமல் இருக்காது. வெயில் கொளுத்திய ஒரு நாள், ஒகாச்சி ஏரியின் நடுவே உள்ள தீவுக்கு பிக்னிக் போயிருந்தார்கள். பெஸ் ஐஸ்கிரீம் கேட்டார். ஓலே துடுப்புப் போட்டுக்கொண்டு அக்கரைக்குப் போய் வாங்கினார். திரும்பி வருவதற்குள் அது உருகித் தண்ணீராகிவிட்டது. துடுப்புக்குப் பதில் ஒரு மோட்டார் இருந்தால் என்ன என்ற யோசனை அப்போதுதான் வந்ததாம்.

கதையில் எவ்வளவு மசாலா சேர்ந்திருந்தாலும் ஒரு விஷயத்தைச் சொல்ல வேண்டும். அவுட்போர்ட் மோட்டாரை முதலில் யோசித்தவர் எவின்ரூட் இல்லை. அவருக்கு முன்பே அமெரிக்காவில் சிலர் செய்து விற்றார்கள். சாதாரண ஆள் வாங்கி, மாட்டி, நம்பி ஓட்டக்கூடியதாக மாற்றியதுதான் எவின்ரூட்டின் சாதனை.

1909-ல் விற்பனைக்கு வந்த மோட்டார் 1.5 குதிரைத்திறன், எடை சுமார் 28 கிலோ. அதைப் பார்த்த பெஸ் முதலில் காபிக்கொட்டை அரைக்கும் மெஷின் என்று கிண்டல் செய்தாராம். ஆனால் துடுப்புப் போடும் சிரமம் இனி வேண்டாம் என்று ஊருக்குச் சொன்ன விளம்பரத்தை எழுதியதும் அவர்தான். அதற்குப் பிறகு கடிதங்கள் குவிந்தன. ஸ்காண்டிநேவிய மீனவர்கள்வரை மோட்டார் போய்ச் சேர்ந்தது.

எஞ்சின் பவர் எங்கே போகிறது?

எவின்ரூட் மோட்டாரின் அமைப்பு எளிமையானது. மேலே எஞ்சின், நடுவில் செங்குத்தான தண்டு, கீழே கியர், அதன் முனையில் புரொப்பல்லர். சிலிண்டரைக் குளிர்விக்க வெளித் தண்ணீர். நூறு வருஷம் தாண்டியும் அடிப்படை இதுதான். அதனால் பவர் குறையும்போது தேட வேண்டிய இடங்களும் பெரும்பாலும் நான்குதான்.

முதலில் எண்ணெய். டேங்க் மூடியில் உள்ள காற்றுத் திருகு மூடியிருந்தால், எஞ்சின் கொஞ்ச நேரம் ஓடிவிட்டு மூச்சு வாங்கும். ஹோஸ் நடுவில் இருக்கும் ரப்பர் பல்பைக் கையால் அமுக்கிப் பாருங்கள். அமுக்கும்போது மட்டும் எஞ்சின் தெம்பாகிறதா? அப்படியானால் எண்ணெய் வரும் வழியில்தான் பிரச்சினை. பல்ப் சப்பையாக ஒட்டிக்கொண்டால் டேங்க் பக்கம் அடைப்பு. கேனில் சேர்ந்த தண்ணீர் அடியில் தங்கி ஃபில்டருக்கு வந்துவிடுவதும் உண்டு.

இரண்டாவது ஸ்பார்க் பிளக். இரண்டு சிலிண்டர் மோட்டாரில் ஒரு பிளக் வேலை செய்யாவிட்டால் படகு பாதி பலத்தில்தான் போகும். பெட்ரோலில் ஸ்டார்ட் செய்து மண்ணெண்ணெயில் ஓட்டும் மோட்டார்களில் கரி சீக்கிரம் படியும். மாற்று பிளக்கும் ஸ்பேனரும் படகிலேயே இருப்பது நல்லது. எஞ்சின் ஓடும்போது பிளக் ஒயரில் கை வைக்காதீர்கள்.

மூன்றாவது தண்ணீர். எஞ்சின் ஓடும்போது சின்னத் துளை வழியாகத் தண்ணீர் பீய்ச்ச வேண்டும். அது மெலிந்தாலோ நின்றாலோ உடனே ஆஃப் செய்ய வேண்டும். மணல் கரையிலிருந்து படகு இறக்கும் தேவனாம்பட்டினம் மாதிரி ஊர்களில் மணல் உள்ளே போய் ரப்பர் இம்பெல்லரைத் தேய்த்துவிடும். புது மாடல்கள் சூடேறினால் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அது பழுது இல்லை, எச்சரிக்கை.

நான்காவது புரொப்பல்லர். எஞ்சின் திணறினால் வலைத் துண்டோ நைலான் கயிறோ சுற்றியிருக்கலாம். சத்தம் மட்டும் எகிறி, படகு நகராவிட்டால் புரொப்பல்லர் உள்ளே இருக்கும் ரப்பர் வழுக்குகிறது. எதுவானாலும் முதலில் எஞ்சினை நிறுத்திவிட்டுத்தான் தூக்கிப் பார்க்க வேண்டும்.

சொந்தப் பெயரையே இழந்த கதை

வியாபாரம் உச்சத்தில் இருந்தபோது பெஸ்ஸின் உடல்நிலை மோசமானது. 1914-ல் ஓலே தன் பங்கைக் கூட்டாளி கிறிஸ் மேயருக்கு விற்றார். 5 வருஷம் இந்தத் தொழில் பக்கம் வரக்கூடாது என்பது ஒப்பந்தம். தன் பெயர் தாங்கிய மோட்டார் கடைகளில் விற்க, அவர் மனைவியோடு ஊர் சுற்றப் போனார்.

ஆனால் கை சும்மா இருக்கவில்லை. அலுமினியம் சேர்த்து, இரண்டு சிலிண்டரோடு புது மோட்டார் ஒன்றை வரைந்தார். எடை குறைவு, 3 குதிரைத்திறன். அதைப் பழைய கூட்டாளியிடமே முதலில் கொண்டு போனார். அவர் வேண்டாம் என்றார். தன் பெயரைப் பயன்படுத்த முடியாத ஓலே, 'எல்டோ' என்ற பெயரில் 1921 வாக்கில் களமிறங்கி, பழைய கம்பெனிக்கே போட்டியானார். 1929-ல் இரண்டும் ஒரே கம்பெனியாக இணைந்தன. இழந்த பெயர் திரும்பக் கிடைத்தது.

1933-ல் பெஸ் இறந்தார். அடுத்த வருஷம் 1934 ஜூலை 12-ல் ஓலேவும் காலமானார். வயது 57. மகன் ரால்ஃப் தொழிலைத் தொடர்ந்தார். கைகள் பல மாறிய எவின்ரூட் மோட்டார் தயாரிப்பு 2020-ல் நிறுத்தப்பட்டது.

தேவனாம்பட்டினம் வரை

தமிழ்நாட்டுக் கடற்கரையில் கட்டுமரங்களுக்கு மோட்டார் பரவலானது 1980-களுக்குப் பிறகு. 2004 சுனாமி கடலூர் கடற்கரையைச் சிதைத்துப் போட்ட பின், ஃபைபர் படகுகள் அதிகமாயின. இன்று மோட்டாரில் எந்த பிராண்ட் பெயர் இருந்தாலும், பக்கத்தில் உட்கார்ந்து காது கொடுத்துக் கேட்பவருக்குத்தான் அது பிடிபடும். ஓலேவுக்கும் அப்படித்தான் பிடிபட்டது.

நான்கையும் பார்த்தும் எஞ்சின் எழும்பவில்லையா? கவரைப் பிரித்து வித்தை காட்ட வேண்டாம். நங்கூரம் போடுங்கள், பக்கத்துப் படகுக்குச் சொல்லுங்கள். ஆபத்து என்றால் கடலோரக் காவல்படையின் உதவி எண் 1554. மோட்டாரைக் கரையில் சரிசெய்துகொள்ளலாம். முதலில் ஆள் கரை சேர வேண்டும்.