நார்ட்டன் துரை

மலர்க் குழுவினர் என்னைத் தேடி வந்து, சட்டம் படித்த பழைய மாணவர் என்ற முறையில் ஒரு பெரியவரின் வாழ்க்கையை எழுதித் தரணும்னு கேட்டார்கள். வ.உ.சி.யோ ராஜாஜியோ அவர்கள் மனதில் இருந்திருக்கும். அவர்களைப் பற்றி எழுத நம்மில் பலர் உண்டு. நான் எடுத்துக்கொண்டது ஒரு வெள்ளைக்கார வக்கீலை. கண்ணமங்கலத்துத் தறிக்காரர் வீட்டுப் பிள்ளைக்கு அவரோடு என்ன சம்பந்தம் என்று கேட்காதீர்கள். நாற்பது வருஷமாகக் கோர்ட்டு வாசலில் நிற்கிறவனுக்கு அவர் கதை அவ்வளவு அந்நியமாகப் படவில்லை.

இயர்ட்லி நார்ட்டன் 1852இல் பிறந்தவர். தாத்தா சென்னை சுப்ரீம் கோர்ட்டில் நீதிபதி. அப்பா ஜான் புரூஸ் நார்ட்டன் சென்னையில் அட்வகேட் ஜெனரலாக இருந்தவர். 1857 கிளர்ச்சி நடந்த அதே வருஷம், கம்பெனி ஆட்சியின் குறைகளை எடுத்துச் சொல்லிப் புத்தகம் போட்டவர். ஆக, சட்டமும், அரசாங்கத்தைத் தட்டிக் கேட்கிற குணமும் அந்த வீட்டுச் சொத்து. மகன் இங்கிலாந்தில் ரக்பி பள்ளியிலும், ஆக்ஸ்போர்டில் மெர்ட்டன் கல்லூரியிலும் படித்துவிட்டு, பாரிஸ்டராகி 1879இல் சென்னைக்கு வந்து சேர்ந்தார்.

தொழில் நன்றாக நடந்தது. சந்தேகச் சாவுகளை விசாரிக்கிற கொரோனர் பதவியும் வகித்தார். 1882 சேலம் கலவரத்தில் மாட்டிக்கொண்ட இளம் வக்கீல் விஜயராகவாச்சாரியார், குற்றச்சாட்டிலிருந்து விடுபட்டு அரசாங்கத்தின் மேலேயே வழக்குப் போட்டு ஜெயித்தாரே, அந்தப் போராட்டத்தில் அவருக்குத் துணை நின்ற ஆங்கிலேயர் நார்ட்டன்தான். ‘இந்து’ பத்திரிகையில் ‘ஒல்லா பொட்ரிடா’ என்று ஒரு பகுதியும் எழுதினார். அது ஸ்பெயின் நாட்டுச் சமையல் பேராம்; எல்லாவற்றையும் போட்டு வேக வைப்பது. நம்ம ஊர் கூட்டாஞ்சோறுன்னு வச்சுக்கலாம்.

அவர் அரசியல்வாதியாக மாறியது 1887இல். காங்கிரஸின் மூன்றாவது மாநாடு அந்த டிசம்பரில் சென்னையில் கூடியது. தலைவர் பத்ருதீன் தியாப்ஜி. பிரதிநிதிகள் 607 பேர். இந்த மாநாட்டை வெறும் கனவான்கள் கூட்டம் என்று ஒதுக்கிவிடக் கூடாது. வீரராகவாச்சாரியார் தமிழில் எழுதிய கேள்வி-பதில் புத்தகம் 30,000 பிரதி விநியோகமானது. ஓரணாவிலிருந்து ஒன்றரை ரூபாய் வரை 8,000 பேர் கொடுத்ததில் 5,500 ரூபாய் சேர்ந்தது. ஓரணா கொடுத்தவர் பேர் எந்தப் புத்தகத்திலும் வராது. ஆனா மாநாட்டுச் செலவில் அந்தக் காசும் இருந்தது.

அந்த மேடையில் 35 வயது நார்ட்டன் ஏறினார். காங்கிரஸில் சேர்ந்ததற்காக, அவர் மதிக்கும் ஒருவரே அவரை முகமூடி போட்ட ராஜத்துரோகி என்று சொல்லிவிட்டாராம். அதை மறைக்காமல் சபையிலேயே எடுத்து வைத்தார். அநியாயத்தை எதிர்ப்பதும், ஜனங்களுக்கு ஆட்சியில் நியாயமான பங்கு வேண்டும் என்பதும் ராஜத்துரோகம் என்றால், அந்தப் பட்டத்தைச் சந்தோஷமாக ஏற்றுக்கொள்கிறேன் என்ற பொருளில் பேசினார். ஆங்கிலேயர்களின் கிளப்பில் உட்காரவேண்டிய ஒருவர் இப்படிப் பேசியது அந்தக் காலத்தில் சின்ன விஷயமில்லை.

பேச்சோடு நிற்கவில்லை. 1888இல் டபிள்யூ.சி. பானர்ஜியுடன் சேர்ந்து இங்கிலாந்தில் இந்தியாவுக்காகப் பிரசாரம் செய்தார். தாதாபாய் நௌரோஜியும் இவர்களும் முயன்றதில், டிக்பி என்பவர் பொறுப்பில் லண்டனில் காங்கிரஸுக்கு ஓர் அலுவலகமே ஏற்பட்டது. 1890இல் சுரேந்திரநாத் பானர்ஜி, முதோல்கர், ஹியூம் ஆகியோருடன் மறுபடியும் போய், சட்டசபைகளில் இந்தியர்களுக்கு இடம் கேட்டுப் பேசினார். 1892இல் வந்த கவுன்சில் சட்டத்துக்கு இந்த முயற்சிகளும் ஒரு காரணம். கேட்டது உறுப்பினர்களில் பாதிப் பேராவது தேர்தலில் வரவேண்டும் என்பது. கிடைத்தது கேள்வி கேட்கவும் பட்ஜெட்டைப் பற்றிப் பேசவும் உரிமை. அரைப்படி அரிசிதான், இருந்தாலும் உலை வைக்க அது உதவியது.

இதோடு கதை முடிந்திருந்தால் அவருக்கு நாம் சிலை வைத்திருப்போம்.

1906இல் நார்ட்டன் கல்கத்தாவுக்குக் குடிபெயர்ந்தார். 1908 ஏப்ரல் 30ஆம் தேதி முசாபர்பூரில் ஒரு மாஜிஸ்திரேட்டைக் குறிவைத்து வீசிய குண்டில், சம்பந்தமே இல்லாத இரண்டு ஆங்கிலேயப் பெண்கள் செத்துப்போனார்கள். இரண்டு நாளில் அரவிந்தரும் அவர் தம்பி பாரீந்திரரும் இன்னும் பலரும் கைதானார்கள். அலிப்பூர் கோர்ட்டில் அரசாங்கத்தின் பக்கம் தலைமை வக்கீலாக வந்து நின்றவர் யார் தெரியுமா? ராஜத்துரோகி என்ற பட்டத்தைச் சந்தோஷமாக ஏற்றுக்கொண்ட அதே நார்ட்டன்!

வழக்கு ஒரு வருஷம் ஓடியது. சாட்சிகள் மட்டும் 200 பேருக்கு மேல். அப்ரூவரான நரேன் கோசாயினை ஜெயிலுக்குள்ளேயே சக கைதிகள் சுட்டுக் கொன்றார்கள். அரசு வக்கீல் அசுதோஷ் பிஸ்வாஸை 1909 பிப்ரவரியில் சுட்டார்கள். நார்ட்டன் தன் கேஸ் கட்டின் மேல் குண்டு போட்ட ரிவால்வரை வைத்துக்கொண்டு வாதாடினார் என்றுகூடச் சொல்வதுண்டு. எல்லாச் சதிக்கும் மூளை அரவிந்தர்தான் என்று நிலைநாட்டுவது அவர் வேலை. அதற்கு அவர் பெரிதும் நம்பியது ‘இனிப்புகள்’ என்ற சொல் வரும் ஒரு கடிதம். தம்பி அண்ணனுக்கு எழுதியதாம். இனிப்பு என்றால் வெடிகுண்டாம். எதிர்த் தரப்பில் சி.ஆர். தாஸ் அது போலி என்று வாதிட்டார். நீதிபதி பீச்கிராஃப்டும் அதை நம்பவில்லை. 1909 மே 6ஆம் தேதி அரவிந்தர் விடுதலையானார். ஜெயில் நினைவுகளை எழுதியபோது, நார்ட்டனைத் துண்டு துணுக்குகளைக் கோத்து நாடகம் கட்டுகிற கற்பனைக் கவிஞராகவே கிண்டல் செய்திருக்கிறார் அவர். படிச்சா சிரிப்பு வரும்.

சரி, நார்ட்டன் கட்சி மாறினாரா? சட்டக் கல்லூரிக்குப் போன நம் மாணவர்கள் என்னிடம் இதைத்தான் கேட்கிறார்கள். இங்கிலீஷ் பாரிஸ்டர்களுக்கு ஒரு மரபு உண்டு. ஸ்டாண்டில் நிற்கிற குதிரை வண்டிக்காரர் முதலில் வந்தவரை ஏற்றிக்கொண்டு போவது மாதிரி, ஃபீஸோடு வருகிற வழக்கை, பிடிக்கவில்லை என்று தட்டக்கூடாது. அதன்படி பார்த்தால் அவர் தப்புச் செய்யவில்லை. அந்த மரபு இல்லாவிட்டால் ஊரே வெறுக்கிற குற்றவாளிக்கு வக்கீலே கிடைக்கமாட்டார்.

கூலி நெசவாளர் ஒருவருக்கும் தறி கொடுத்த முதலாளிக்கும் நடந்த வழக்கில் நான் முதலாளிக்காக ஆஜரானேன். மூணு மாசம் எங்க தெருவில் யாரும் முகம் கொடுத்துப் பேசலை. எங்கப்பா மட்டும், பாவு யாருதா இருந்தாலும் இழை அறுந்தா முடிச்சுப் போடறவன்தானே நெசவாளின்னு சொல்லிட்டு எழுந்து போயிட்டார்.

ஆனாலும் ஒன்று சொல்லியாகணும். ஏற்றுக்கொண்ட வழக்கை நடத்துவது கடமைதான். கையில் இருக்கிற காகிதம் எவ்வளவு தாங்கும் என்று பார்ப்பதும் கடமை. ‘இனிப்பு’க் கடிதத்தின் மேல் அவ்வளவு பாரம் ஏற்றியிருக்க வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். 1887இல் மேடையில் நின்ற அந்த மனுஷர் எதிர்த் தரப்பில் இருந்திருந்தால், முதல் குறுக்கு விசாரணையிலேயே அதைக் கிழித்திருப்பார்.

சேலத்து விஜயராகவாச்சாரியார் 1920இல் நாகபுரி காங்கிரஸுக்குத் தலைமை தாங்கினார். அலிப்பூரில் அவரைத் தோற்கடித்த சி.ஆர். தாஸ் 1922இல் கயா காங்கிரஸுக்குத் தலைவரானார். விடுதலையான அரவிந்தர் 1910 ஏப்ரல் 4ஆம் தேதி, நமக்குப் பக்கத்தில் உள்ள புதுச்சேரிக்கு வந்து, கடைசி வரை அங்கேயே தங்கிவிட்டார். நார்ட்டன் 1931இல் காலமானார்.