கெத்தலேயும் நமது தேகமும்

இக்காலத்து வைத்தியசாலைகளில் ஒருவரது எடையையும் உயரத்தையும் குறித்துக்கொண்டு, பி.எம்.ஐ. என்னும் ஓர் எண்ணைச் சொல்லி, அவர் ஸ்தூலதேகியா அல்லரா என்று தீர்ப்பளிக்கின்றனர். இத்தீர்ப்புக்கு ஆதாரமான விதியைக் கண்டவர் வைத்தியரல்லர். பெல்ஜிய தேசத்து வானசாஸ்திரி அடோல்ப் கெத்தலே. அவர் சரித்திரத்தை நம்மவர் அறிதல் அவசியமென்று கருதுகிறோம்.

கெத்தலே 1796-ம் வருஷம் பிப்ரவரி 22-ந் தேதி கெண்ட் நகரில் பிறந்தார். ஏழாம் வயதில் தந்தையை இழந்த அவர், இளமையிலேயே உபாத்தியாயராகி ஜீவனம் நடத்த வேண்டியவரானார். ஆயினும் கல்வியைக் கைவிட்டாரில்லை. 1819-ல் கெண்ட் சர்வகலாசாலையில் கணிதத்தில் டாக்டர் பட்டம் பெற்றார். 1823-ல் வானசாஸ்திரம் பயிலப் பாரிஸ் சென்றவர், அளவைகளில் நேரும் பிழைகளை ஆராயும் கணித முறையை அங்கே கற்றார். அம்முறையை மனிதர்மீதும் பிரயோகிக்கலாம் என்னும் எண்ணம் அவருக்கு உதித்தது.

அது முதல் ஜனங்களின் உயரம், எடை, பிறப்பு, இறப்பு முதலியவற்றைத் திரட்டினார். வயதுவந்தோரின் எடை ஏறக்குறைய உயரத்தின் வர்க்கத்தை ஒட்டி அமைகிறதென்று 1832-ல் கண்டார். 1835-ல் வெளியிட்ட நூலில் ‘சராசரி மனிதன்’ என்னும் கருத்தை விளக்கினார். அவர் ஆராய்ந்தது ஜனசமூகத்தின் பொது இயல்பையேயன்றி, தனிமனிதனின் கொழுப்பையன்று. 1855-ல் பக்கவாத நோயால் தாக்குண்டும் உழைப்பை நிறுத்தாது, 1874 பிப்ரவரி 17-ந் தேதி பிரஸ்ஸல்ஸ் நகரில் காலமானார்.

நிற்க. அவர் விதிக்குப் பி.எம்.ஐ. என்ற பெயர் சூட்டப்பட்டது 1972-ல். அமெரிக்கரான ஆன்ஸெல் கீஸும் அவர்தம் சகாக்களும் ஐந்து தேசங்களைச் சேர்ந்த 7,400-க்கு மேற்பட்ட ஆண்களைப் பரிசோதித்து அவ்வெண்ணைச் சிபார்சு செய்தனர். அவ்வைந்தில் இந்தியா இல்லை, ஸ்திரீகளும் இல்லை.

இதன் குறை 2004-ல் வெளிப்பட்டது. புனே நகரத்து டாக்டர் யாஜ்னிக்கும் லண்டன் டாக்டர் யுட்கினும் தம் தேகங்களையே சாட்சியாக்கினர். இருவருக்கும் பி.எம்.ஐ. 22.3 தான். ஆயினும் டெக்ஸா என்னும் எக்ஸ்ரே பரிசோதனையில் இந்தியருக்குக் கொழுப்பு நூற்றுக்கு 21.2, ஆங்கிலேயருக்கு 9.1. எடைத்தராசு தசையையும் கொழுப்பையும் பிரித்தறியாது. அயலார்க்கு அளவெடுத்துத் தைத்த சட்டை நமக்குப் பொருந்த வேண்டுமென்ற நியதி உண்டா?

ஏனைய முறைகளும் உள. நீரில் மூழ்கச்செய்து எடைபார்த்தல் நுட்பமானது. ஆனால் தொட்டியும் சாதனங்களும் வேண்டும். இடுக்கியால் தோல்மடிப்பை அளத்தல் மலிவானது. ஆனால் அளப்பவர் கைத்திறனைப் பொறுத்தது. டெக்ஸா கொழுப்பையும் எலும்பையும் பிரித்துக் காட்டும். ஆனால் செலவு அதிகம். இடுப்பைச் சுற்றிப் பிடிக்கும் நாடாவோ சில ரூபாயில் கிடைப்பது. நீரிழிவுக்கு ஏதுவாகும் வயிற்றுக் கொழுப்பைக் குறிப்பாக உணர்த்துவது.

2009-ல் இந்திய நிபுணர்கள் பி.எம்.ஐ. 23 எட்டினாலே அதிக எடை, 25 எட்டினால் ஸ்தூலம் என்றும், இடுப்புச் சுற்றளவு ஆடவர்க்கு 90, பெண்டிர்க்கு 80 சென்டிமீட்டரை எட்டினால் அபாயம் என்றும் வகுத்தனர். 160 சென்டிமீட்டர் உயரமும் 64 கிலோ எடையும் உள்ளவரது எண் 25. மேனாட்டு வரம்பில் அவர் அதிக எடையின் வாயிலில் மட்டுமே நிற்பவர். நம் வரம்பில் ஸ்தூலதேகி.

திருவள்ளூரிலும் கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையிலும் உழைக்கும் மெலிந்த தொழிலாளி, எடை சரியென்று கேட்டு நிம்மதியாக வீடு திரும்பலாம். நோயோ உள்ளே வளரலாம். பரிசோதனை நடத்துவோர் தராசுடன் ஒரு நாடாவையும் வைத்துக்கொள்வார்களாக. இது கெத்தலேயின் பெருமைக்கு இழுக்கன்று. ஜனங்களை நேரில் அளந்தே உண்மை காண வேண்டுமென்பது அவர் காட்டிய வழியே.