குருதியின் பிறப்பைக் கண்ட அம்மையார்

அமெரிக்க நாட்டுக் கொலராடோ மாநிலத்திலே, சென்றல் சிற்றி என்னும் சுரங்க ஊரில், 1871ஆம் ஆண்டு நவம்பர் 9ஆந் திகதி புளோரன்ஸ் சேபின் அம்மையார் பிறந்தார். ஏழாம் வயதிலே தாயை இழந்தார். 1893இல் சிமித் கல்லூரியிற் பட்டம் பெற்றபின், மருத்துவங் கற்கப் பொருளின்மையால், மூன்றாண்டுகள் ஆசிரியத் தொழில் செய்து பணஞ் சேர்த்தார். 1896இல் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் மருத்துவக் கல்லூரியிற் புகுந்து, 1900இல் வைத்தியப் பட்டம் பெற்று, பின்னர் அங்கேயே ஆசிரியருமானார்.

1917இல் அவருடைய குருவாகிய பிராங்கிளின் மோல் காலமானார். உடலமைப்பியற் பகுதியின் தலைமை சேபினுக்கே உரியதெனப் பலரும் எதிர்பார்த்தனர். ஆயின், அவரிடம் பயின்ற ஓர் ஆடவருக்கே அப்பதவி வழங்கப்பட்டது. இழையவியற் பேராசிரியர் பதவியே அம்மையாருக்குக் கிடைத்தது. அக்கல்லூரியின் முதற் பெண் பேராசிரியர் அவரே. மாணவர் கொதித்தெழுந்தனர், அம்மையாரோ விலகிச் செல்லாது தம் ஆராய்ச்சியிலேயே மனத்தை நிறுத்தினார்.

அக்காலத்தில் முளையங்களைக் கொன்று, சாயமூட்டி, மெல்லிய துண்டங்களாக வெட்டி ஆராய்தலே பெருவழக்கு. சேபின் உயிருள்ள கோழி முளையத்தையே நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்து, இரவு முழுவதும் கண்விழித்து நோக்கினார். அடைகாத்தலின் இரண்டாம் நாளிலே சில கலங்கள் கூட்டமாகத் திரண்டன. அத்திரள்களிலிருந்தே குருதிக் குழாயின் சுவரும், அதனுள் ஓடும் செங்குருதிக் கலங்களும் உருவாயின. இதயத்தின் முதற்றுடிப்பையும் அவர் கண்டார். 1920இல் இக்காட்சிகளை உலகறிய வெளியிட்டார். பாயும் நீரும் அதனைத் தாங்கும் வாய்க்காலும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் என்பது போன்ற வியப்பு இது.

இக்கருத்துப் பல்லாண்டுகள் விவாதத்துக்கு உள்ளாயிற்று. 1998இல் எலியின் முளையக் கலங்களைக் கொண்டு நடந்த ஆய்வு, ஒரே கலத்திலிருந்து இருவகைக் கலங்களும் தோன்றவல்லன எனக் காட்டிற்று. 2009இல் வெளிவந்த ஆய்வுகள், குழாயின் உட்சுவர்க் கலங்களே குருதிக் கலங்களாக மாறுதலைப் புலப்படுத்தின.

1925இல் அமெரிக்கத் தேசிய விஞ்ஞானக் கழகத்துக்குத் தெரிவான முதற் பெண்மணி என்னும் சிறப்பும் அவரை வந்தடைந்தது. அவ்வாண்டே ரொக்பெல்லர் ஆய்வு நிலையஞ் சேர்ந்து, கயரோக ஆராய்ச்சியில் ஈடுபட்டார். 1938இல் ஓய்வுபெற்ற பின்னரும் ஓய்ந்திருந்தாரல்லர். கொலராடோவின் சுகாதாரச் சட்டங்களைத் திருத்துவித்தார். 1953ஆம் ஆண்டு ஒக்ரோபர் 3ஆந் திகதி டென்வர் நகரில் உயிர்நீத்தார்.

மாணவச் செல்வர்களே! உரிய பதவி மறுக்கப்பட்டபோதும் உற்றுநோக்கும் கண்ணை அவர் மூடவில்லை. அப்பொறுமையே அவரது வெற்றி.